ஓட்டைக் கப்பும் பிரஷர் கேஜும்: பாயிலர் மாற்றும் முன் தண்ணீரை அளந்த கதை

போன அக்டோபரில், குளிக்க வெந்நீரும் குளிருக்கு வீட்டுக்குச் சூடும் தருகிற எங்கள் காஸ் பாயிலர் மூன்றாவது முறையாக நின்றது. பார்க்க வந்தவர் மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, உதட்டைப் பிதுக்கினார். 21 வயதான பாயிலர். அதற்கு வேண்டிய பாகம் இனிமேல் கிடைக்காதாம். சரி, புதுசு வாங்கியே தீர வேண்டும். ஆனால் நான் இங்கே எழுதப்போவது பாயிலரைப் பற்றி இல்லை. அதை வாங்குவதற்கு முன்னால் வாங்கிய இரண்டு சில்லறைச் சாமான்களையும், 60 பவுண்டு கொடுத்துக் கூப்பிட்ட ஒரு ஆளையும் பற்றித்தான்.

வீடு லண்டனில், ஹாரோ பக்கம். 1930களில் வரிசை வரிசையாகக் கட்டித் தள்ளிய இரட்டை வீடுகளில் ஒரு பாதி. மூன்று படுக்கையறை, ஒரே குளியலறை. நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், ஆறு மாத விசாவில் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த அம்மா. காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் ஐந்து பேரும் குளித்தாக வேண்டும்.

பழைய ஏற்பாடு எப்படி என்றால், நம் ஊர் மொட்டை மாடிச் சிண்டெக்ஸ் தொட்டியைக் கூரைக்குள் ஒளித்து வைத்தது மாதிரி. தெருக்குழாய்த் தண்ணீர் பரணில் உள்ள தொட்டிக்குப் போகும். அங்கிருந்து கீழே மாடியறை அலமாரிக்குள் நிற்கும் செப்பு சிலிண்டருக்கு இறங்கும். பாயிலர் அந்தச் சிலிண்டரைச் சூடாக்கி வைக்கும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. எங்கள் தொட்டிக்கும் ஷவர் தலைக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இருந்தால் அதிகம். அதாவது 0.15 பார். ஷவரில் நிற்பதும் கோவில் கோமுகிக்குக் கீழே நிற்பதும் ஒன்றுதான். மூன்றாவது ஆள் குளிக்கும்போது சிலிண்டர் காலி.

அதனால் எல்லாரும் சொன்ன மாதிரி காம்பி பாயிலருக்கு மாறிவிடலாம் என்று நினைத்தோம். தொட்டியும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம். தெருக்குழாய்த் தண்ணீர் நேராகப் பாயிலருக்குள் போய், போகிற போக்கிலேயே சூடாகி ஷவருக்கு வரும். தீர்ந்துபோவதற்கு அதில் சேமிப்பு என்று ஒன்றும் இல்லை. ஆனால் சேமிப்பு இல்லாததால் தெருவிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறதோ, அதற்கு மேல் ஒரு சொட்டுகூட ஷவரில் வராது. எந்தக் கம்பெனி பாயிலரானாலும் இதுதான் கதை. இந்த ஒரு வரி என் மண்டையில் ஏற மூன்று வாரம் ஆனது.

முதலில் ஒரு நிறுவனத்தைத் தொடர்பு கொண்டேன். பெயர் வேண்டாம். வீட்டுக்கே வராமல், போனில் போட்டோ அனுப்பச் சொல்லி விலை சொல்கிறவர்கள். பாயிலரின் போட்டோ, சுவருக்கு வெளியே புகைக்குழாயின் போட்டோ, காஸ் மீட்டரின் போட்டோ எல்லாம் கேட்டார்கள். தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு கேள்வி: "உங்கள் வீட்டில் தண்ணீர் பிரஷர் நன்றாக இருக்கிறதா? ஆம், இல்லை, தெரியாது." நான் நேர்மையாக "தெரியாது" என்று தட்டினேன். அடுத்த பத்து நிமிடத்தில் விலை வந்துவிட்டது. 40 கிலோவாட் காம்பி, நிமிடத்துக்கு 16 லிட்டர் வெந்நீர், மொத்தம் 3,650 பவுண்டு. தெரியாது என்று சொன்னவனுக்கு 16 லிட்டர் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. ஆர்வம் தாங்காமல் மறுபடி உள்ளே போய் "இல்லை" என்று தட்டிப் பார்த்தேன். அதே பாயிலர், அதே விலை.

அங்கேதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. நேராக ஸ்க்ரூஃபிக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே தட்டில் சாமான் எதுவும் இருக்காது. சாமானின் நம்பரைச் சொன்னால் உள்ளிருந்து எடுத்து வந்து கொடுப்பார்கள், நம் ஊர் ரேஷன் கடை மாதிரி. வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் பெயின்ட் படிந்த கால்சட்டைக்காரர்கள். அலுவலகச் சட்டையோடு நான் மட்டும். ஒரு பிரஷர் கேஜ் 13 பவுண்டு, ஒரு ஃப்ளோ கப் 9 பவுண்டு.

கேஜ் என்பது கடிகாரம் மாதிரி வட்ட முகம், அடியில் பித்தளைத் திருகு. முக்கால் அங்குலத் திருகு என்பதால் தோட்டத்துக் குழாயிலும் பொருந்தும், வாஷிங் மெஷின் குழாயிலும் பொருந்தும். என்னுடையதில் இரண்டு முள். கறுப்பு முள் இப்போதைய அழுத்தத்தைக் காட்டும். சிவப்பு முள் எட்டிய உச்சத்திலேயே நின்றுவிடும். ராத்திரி மாட்டிவிட்டுப் படுத்தால் உச்சம் எவ்வளவு என்று காலையில் பார்க்கலாம். குறை என்றால், முகம் 0லிருந்து 11 பார் வரை போகிறது. வீட்டுக்கு வேண்டிய சங்கதி எல்லாம் 0க்கும் 4க்கும் நடுவே. ஒரு பாருக்குக் கீழே கோடுகள் எறும்பு வரிசை போல நெருங்கிக் கிடக்கின்றன. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டும் 0.7ஆ, 0.8ஆ என்று மனைவியோடு வாக்குவாதம். கூடவே வந்த ரப்பர் வாஷரும் சரியில்லை. முதல்முறை மாட்டியபோது என் முகத்தில்தான் பீய்ச்சியது. வேறு வாஷர் போட்ட பிறகு நின்றது.

ஃப்ளோ கப் இன்னும் எளிய சாமான். பிளாஸ்டிக் குவளை, பக்கவாட்டில் மேலே அகன்று கீழே குறுகும் ஒரு பிளவு. குழாயைத் திறந்து குவளையைக் கீழே பிடித்தால், உள்ளே விழுகிற தண்ணீரும் பிளவு வழியாக வெளியே போகிற தண்ணீரும் ஒரு மட்டத்தில் சமமாகி நிற்கும். அந்த மட்டத்துக்கு நேராக நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று அச்சடித்திருக்கும். மின்சாரமும் இல்லை, பேட்டரியும் இல்லை. நான் மேசையில் வைத்திருந்ததை அம்மா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏய்யா, ஓட்டைக் கப்ப எதுக்குக் காசு குடுத்து வாங்குன?"

தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று அளக்க என்றேன். "அதுக்கு ஒரு குடத்த வச்சு எண்ண வேண்டியதுதானே?" என்றாள். கோவில்பட்டியில் எங்கள் தெருக்குழாயில் சீவலப்பேரித் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிசு என்றிருந்த காலத்தில், தெருவே அப்படித்தான் எண்ணியது. எண்பது எண்ணுவதற்குள் குடம் நிறைந்தால் நல்ல தண்ணீர். நூற்றைம்பது ஆனால் மேட்டுத் தெருக்காரர்களுக்கு இன்று கிடைக்காது. இங்கே வீட்டில் குடம் இல்லை. பக்கெட் இருந்தது.

முதல் சோதனை வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு. கேஜைத் தோட்டத்துக் குழாயில் மாட்டித் திறந்தேன். முள் சரசரவென்று ஏறி 3.4 பாரில் நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு பாருக்கு மேல் இருந்தாலே காம்பி ஓடும் என்று படித்திருந்தேன், மூன்றரை கிட்ட இருக்கிறதே! அடுத்து, வேறு குழாயைத் திறந்தால் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மனைவி உள்ளே போய்ச் சமையலறைக் குளிர்தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்தாள். முள் அசையவே இல்லை. 3.4. பிள்ளைகளை அனுப்பிக் கழிப்பறை ஃபிளஷையும் இழுக்கச் சொன்னேன். அப்போதும் 3.4. மலை போல நிற்கிறது பிரஷர் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டோவே போட்டுவிட்டேன். அந்த நிறுவனத்துக்கு முன்பணம் கட்ட அட்டையைக் கையில் எடுத்தது அன்றைக்குத்தான்.

வாங்கிய கப்பைச் சும்மா வைப்பானேன் என்று மறுநாள் காலை ஏழரைக்கு அதையும் பிடித்துப் பார்த்தேன். தெரு முழுக்கக் குளிக்கிற நேரம். எங்கள் சமையலறையில் வெள்ளைக்காரன் பாணியில் சூட்டுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று தனித்தனிக் குழாய். கை கழுவும்போது ஒரு பக்கம் சுடும், மறுபக்கம் உறையும். இந்தச் சோதனைக்கு மட்டும் அது வசதி. ஒற்றைக் குழாய் மிக்ஸர் என்றால் அதன் அடியில் உள்ள மெல்லிய ஹோஸும் வாயில் உள்ள சல்லடையும் அளவைக் குறைத்துக் காட்டும். அப்படி இருந்தால் சல்லடையைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும்.

கப்பில் தண்ணீர் மட்டம் 10ல் நின்றது. நிமிடத்துக்கு 10 லிட்டர். தண்ணீர் நுரைத்துக் குதிப்பதால் 9 என்றும் சொல்லலாம், 11 என்றும் சொல்லலாம். கப்பின் பெரிய குறையே அதுதான். சந்தேகம் தீரப் பக்கெட்டை எடுத்துத் தோட்டத்துக்குப் போனேன். பக்கெட்டில் 10 லிட்டர் என்று எழுதியிருந்தாலும் விளிம்பு வரை ஊற்றினால் 12 பிடிக்கும். நம்ப முடியாது. அதனால் குளியலறை எடைமெஷினில் வைத்து எடை பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பக்கெட் எடை போகப் பத்து கிலோ சேர 63 விநாடி. நிமிடத்துக்கு ஒன்பதரை லிட்டர். கப் பொய் சொல்லவில்லை.

அப்படியானால் கேஜ்? 3.4 பார் என்று கேஜ் சொல்கிறது, குழாயில் 10 லிட்டர்தான் வருகிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஆளுக்கு ஒன்று. பாயிலர் முகத்தில் ஒரு கேஜ் இருக்கிறதே, அது ஒன்றரையில் நிற்கிறதா பார் என்றார் ஒருவர். அது அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குள் சுற்றி வருகிற தண்ணீரின் அழுத்தம். குழாய்த் தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாதிப் பேர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். இன்னொருவர், மோட்டார் வைத்து உறிஞ்சிவிடு என்றார். ஊரில் நகராட்சிக் குழாயில் மோட்டார் போட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். இங்கேயும் 1999ஆம் வருட விதிப்படி, நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் இழுக்கிற பம்ப்பைத் தெருக்குழாயோடு இணைக்க வேண்டுமானால் முதலில் தண்ணீர் நிறுவனத்திடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் 60 பவுண்டு ஆள் வருகிறார். பக்கத்துத் தெருவில் உள்ள ஒரு தமிழ்க் குடும்பம் சொல்லிக் கிடைத்தவர். அறுபதை நெருங்கும் வெள்ளைக்காரர், தனி ஆளாகத் தொழில் செய்கிறார். போனில் விலை கேட்டேன். "உங்கள் தண்ணீரைப் பார்க்காமல் நான் விலை சொல்வதில்லை. பார்க்க 60 பவுண்டு. வேலையை எனக்கே கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வேன்" என்றார். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. விலை சொல்லவே காசா? எனக்கும் கொஞ்சம் கசப்புத்தான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வரட்டுமா என்று அவரே கேட்டார். பத்து மணிக்கு வந்து அளந்தால் எல்லார் வீட்டிலும் தண்ணீர் அமோகமாக வரும், அதனால் பிரயோசனமில்லை என்றார். வந்ததும் நான் கேட்காமலே, காஸ் வேலை செய்யப் பதிவு பெற்றவர் என்று காட்டும் காஸ் சேஃப் அட்டையை எடுத்துக் காட்டினார். முன்பக்கம் போட்டோவும் எண்ணும், பின்பக்கம் எந்தெந்த வேலை செய்யத் தகுதி என்ற பட்டியல். பாயிலர் மாட்ட வருகிறவரிடம் இது இல்லை என்றால் வாசலோடு அனுப்பிவிட வேண்டும். 2009 வரை இதற்குக் கார்கி என்று பெயர். இங்கே பழைய ஆட்கள் இன்னும் கார்கி கார்கி என்றுதான் சொல்கிறார்கள்.

என் கேஜ் தோட்டத்துக் குழாயிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். விஷயம் இதுதான். தோட்டத்துக் குழாய்க்குள் ஒருவழி வால்வு இருக்கிறது. செடிக்கு ஊற்றும் ரப்பர் குழாய் ஏதாவது அழுக்குத் தொட்டியில் கிடந்தால், அந்தத் தண்ணீர் திரும்ப உறிஞ்சப்பட்டுக் குடிதண்ணீரில் கலந்துவிடக் கூடாது. அதற்காக வைத்த வால்வு. தண்ணீர் வெளியே வரலாம், திரும்பப் போக முடியாது. கேஜை மாட்டினதும் உள்ளே ஏறிய 3.4 பார் அந்த வால்வுக்கும் கேஜுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. உள்ளே மனைவி குழாயைத் திறந்தால் என்ன, தெருவே வற்றினால் என்ன, முள் இறங்கவே இறங்காது. நான் வாட்ஸ்அப்பில் போட்ட போட்டோ, சிறைப்பட்ட தண்ணீரின் போட்டோ.

கேஜைக் கழற்றி வாஷிங் மெஷினின் குளிர்தண்ணீர்க் குழாயில் மாட்டினார். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது 3.0 பார். காலை நேரம் என்பதால் இரவைவிடக் குறைவு. அப்புறம் சமையலறைக் குழாயைத் திறக்கச் சொன்னார். முள் ஒரே பாய்ச்சலில் 0.8க்கு விழுந்தது. நான் வாயடைத்து நின்றேன். கேஜுக்கு 13 பவுண்டு கொடுத்தவன் நான், அதை எங்கே மாட்ட வேண்டும் என்று தெரிந்தவர் அவர். கேஜோடு வந்த துண்டுச்சீட்டில் இந்த வால்வைப் பற்றி ஒரு வரி போட்டிருக்கலாம். போடவில்லை. அதற்காகவே கேஜுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறேன்.

அழுத்தம் வேறு, வரத்து வேறு. தண்ணீர் நிற்கும்போது குழாய் எவ்வளவு குறுகலாக இருந்தாலும் அழுத்தம் முழுசாகக் காட்டும். ஓட ஆரம்பித்தால்தான் எங்கே அடைப்பு என்று தெரியும். தியேட்டர் வாசலில் எவ்வளவு கூட்டம் நெருக்கினாலும், கதவு ஒரு ஆள் அகலம் என்றால் ஒவ்வொருவராகத்தான் உள்ளே போக முடியும். நிற்கும்போது 3.0, ஓடும்போது 0.8 என்றால் நடுவில் எங்கோ கதவு பாதி மூடியிருக்கிறது.

அவர் நேராகச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே குனிந்தார். டப்பாக்கள், பினாயில், பழைய நாளிதழ் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தால், மூலையில் வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில், மொத்தத் தண்ணீரையும் மூடித் திறக்கிற வால்வு, ஸ்டாப்காக். முந்தைய சொந்தக்காரர் யாரோ அதன் மேல் வெள்ளைப் பெயின்டே அடித்திருந்தார். திருகினால் நகரவில்லை. ரென்ச் வைத்து மெல்ல அசைத்துவிட்டு, இது பாதி திறந்த நிலையில் இறுகியிருக்கிறது, பலவந்தப்படுத்தினால் உடையும், மாற்றிவிடலாம் என்றார். அப்புறம் அதற்குக் கீழே தரையிலிருந்து வருகிற குழாயைச் சாவியால் லேசாகக் கீறினார். வெள்ளி மாதிரி பளபளத்தது. ஈயக் குழாய். 1970க்கு முன் கட்டிய வீடுகளில் இன்னும் நிறைய இருக்கிறதாம். உள்விட்டம் அரை அங்குலம். இன்று புதுக்குழாய் போட்டால் 25 மில்லிமீட்டர் நீலப் பிளாஸ்டிக் போடுவார்கள்.

தண்ணீர் நிறுவனத்தின் மேல் புகார் கொடுக்கலாமா என்று கேட்டேன். வீட்டு எல்லையில் உள்ள ஸ்டாப்காக்கில் ஒரு பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 9 லிட்டர் என்பதுதான் தண்ணீர் நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆஃப்வாட் அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல். உங்களுக்கு 3 பார் வருகிறது, உங்கள் பக்கக் குழாய்தான் குடிக்கிறது என்றார். எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள குழாய் நம் சொத்து, நம் செலவு.

அதற்குள் அம்மா அவருக்கு டீ போட்டுக் கொண்டு வந்துவிட்டாள். பால், சீனி, இஞ்சி எல்லாம் போட்ட நம் டீ. "தம்பிக்கு ஆறிரும், குடிக்கச் சொல்லு" என்றாள். தம்பி குடித்துவிட்டு, ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட ஆரம்பித்தார். அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒரு கிலோவாட், ஒரு நிமிடத்தில் 14.3 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும். இது எந்தக் கம்பெனிக்கும் மாறாது. விளம்பரத்தாளில் போடும் லிட்டர் கணக்கு, தண்ணீரை 35 டிகிரி ஏற்றுவதாக வைத்துக்கொண்டு போடுவது. 40 கிலோவாட்டை 14.3ஆல் பெருக்கி 35ஆல் வகுத்தால் 16 லிட்டர். 30 கிலோவாட் என்றால் 12. 24 என்றால் 10 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 10 லிட்டர் வருகிற வீட்டுக்கு 16 லிட்டர் பாயிலரை விற்கப் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று, இந்த ஊரில் ஜனவரியில் தெருத்தண்ணீர் 5, 6 டிகிரியில் வரும். 35 ஏற்றினால் 41. ஷவருக்கு அது சரியாக இருக்கும், அதற்கு மேல் கேட்காதீர்கள் என்றார். வீட்டை அறை அறையாக டேப் வைத்து அளந்து, ரேடியேட்டர்களுக்கு அதிகபட்சம் 9 கிலோவாட் போதும் என்றும் சொன்னார். ஆக, பாயிலரின் பருமனைத் தீர்மானிப்பது குளிர் இல்லை, குளியல்தான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் உடனே விலை சொல்லவில்லை. முதலில் ஸ்டாப்காக்கை மாற்றுகிறேன், அப்புறம் மறுபடி அளந்துவிட்டு எந்தப் பாயிலர் என்று முடிவு செய்யலாம் என்றார். அடுத்த சனிக்கிழமை தெருவில் உள்ள வால்வை மூடி, முக்கால் மணி நேரத்தில் மாற்றி முடித்தார். அதே குழாய், அதே நேரம், அதே கேஜ். மூடியிருக்கும்போது அதே 3.0 பார், துளிகூட மாறவில்லை. திறந்தால் 1.6. கப்பில் 14 லிட்டர்.

மூடிய குழாயில் மட்டும் அளந்திருந்தால், இரண்டு சனிக்கிழமைக்கும் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. இந்த இடத்தில் ஒன்பது பவுண்டுக் கப் 13 பவுண்டுக் கேஜைத் தோற்கடித்தது. பக்கெட்டும் எடைமெஷினும் உள்ளவர்களுக்குக் கப்பே தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மா இதை அன்றைக்கே சொன்னாள். திரும்பத் திரும்பவும் சொன்னாள்.

முடிவில் 30 கிலோவாட் காம்பி. ஸ்டாப்காக்கும், சுண்ணாம்பு படியாமல் இருக்கக் குழாயில் வைக்கும் ஒரு சிறு வடிகட்டியும் சேர்த்து 2,950 பவுண்டு, 60 கழித்த பிறகு. லண்டன் தண்ணீர் கடினத் தண்ணீர். கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும். காம்பிக்குள் தண்ணீர் சூடாகும் இடுக்கில் அதே வெள்ளைப் படிவம் பிடித்தால் வரத்து மறுபடி சுருங்கும். இரண்டு நாள் வேலை. முடித்தபின் பெஞ்ச்மார்க் என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். அதில் வெந்நீர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது. என் கண் முன்னால் அளந்து எழுதினார். இந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள் என்று வாட்ஸ்அப் குழுவிலேயே இரண்டு பேர் சொன்னார்கள். வாரன்டிக்குக் கேட்கிற தாள் அது, பார்த்து வாங்குங்கள்.

அவர் மேல் எனக்குக் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டாம் நாள் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதம், போனையும் எடுக்கவில்லை. பழைய சிலிண்டரைக் கழற்றி நடைபாதையில் வைத்துவிட்டுப் போய், மூன்று நாள் கழித்துத்தான் எடுத்துப் போனார். செப்புச் சிலிண்டருக்கு நல்ல விலை உண்டு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள்.

ஜனவரியில், வெளியே பனி உறைந்திருந்த ஒரு காலையில் நான் மறுபடி கப்பையும் சமையலறை வெப்பமானியையும் எடுத்தேன். உள்ளே வரும் தண்ணீர் 6 டிகிரி. வெந்நீர்க் குழாயில் நிமிடத்துக்கு பதினொன்றரை லிட்டர், 43 டிகிரி. தாளில் போட்ட கணக்கோடு ஒத்துப்போனது. ஷவரில் ஒருவர் நிற்கும்போது கீழே யாராவது பாத்திரம் கழுவினால் ஷவர் சட்டென்று மெலிகிறது. அது இப்படித்தான் இருக்கும் என்று முன்னமே சொல்லியிருந்தார். இரண்டு குளியலறை உள்ள வீடாக இருந்தால் காம்பியே வேண்டாம், தெருக்குழாய் அழுத்தத்தில் நிறையும் பெரிய சிலிண்டர் வைக்க வேண்டும், அதற்கும் முதலில் ஈயக் குழாயை மாற்ற வேண்டும் என்றார். எங்களுக்கு ஒன்றுதான். குளிக்கிறவர் மேலே போகும்போது "குளிக்கப் போறேன்" என்று ஒரு சத்தம் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

ஒரே ஒரு நஷ்டத்தை மட்டும் எந்தக் கேஜும் காட்டவில்லை, எந்த ஆளும் சொல்லவில்லை. பழைய சிலிண்டர் நின்ற அலமாரி எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும். பன்னிரண்டு குளிர்காலம் எங்கள் இட்லி மாவு அதற்குள்தான் பொங்கியது. சிலிண்டர் போனபின் அது வெறும் மர அலமாரி. முதல் வாரம் மாவு கல்லாகக் கிடந்தது, இட்லி தட்டையாக வந்தது. அம்மா பாயிலரைப் பார்த்த பார்வையே சரியில்லை. இப்போது சமையலறை ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவை வைக்கிறோம். பரவாயில்லை ரகம்.

ஈயக் குழாய் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எல்லையிலிருந்து வீடு வரை ஒன்பது மீட்டர், தரைக்கு அடியில் குறைந்தது 75 சென்டிமீட்டர் ஆழம் போக வேண்டும். கேட்ட விலை 1,400 பவுண்டு. நம் பக்கத்தை மாற்றினால் தெருப்பக்க ஈயக் குழாயைத் தாங்களே இலவசமாக மாற்றித் தரும் தண்ணீர் நிறுவனங்கள் உண்டு, விண்ணப்பித்திருக்கிறேன். அதுவரை காலையில் முதல் தண்ணீரை ஒரு நிமிடம் ஓடவிட்டுத்தான் குடிக்கப் பிடிக்கிறோம். அந்த முதல் தண்ணீர் பக்கெட்டில் விழுந்து செடிக்குப் போகிறது.

போன வாரம் பக்கத்து வீட்டு குஜராத்திக்காரர் தன் பாயிலரும் மண்டையைப் போட்டுவிட்டது என்று சொல்லிக் கேஜை இரவல் கேட்டார். அவருக்கும் போனில் 40 கிலோவாட்டுக்குத்தான் விலை வந்திருக்கிறது. கேஜோடு ஓட்டைக் கப்பையும் சேர்த்துக் கொடுத்து, தோட்டத்துக் குழாயில் மாட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் வேலி வழியாக எட்டிப் பார்த்தால், தோட்டத்துக் குழாயில்தான் மாட்டியிருக்கிறார்.